181-ஐ அழைத்தால் வீட்டுக்குப் போலீஸ் வந்துவிடுமா?

படிக்கத் தொடங்கும் முன் ஒரு சின்ன விஷயம். உங்கள் போனை வீட்டில் வேறு யாராவது எடுத்துப் பார்ப்பது வழக்கம் என்றால், இந்தப் பக்கத்தை நீங்கள் நம்பும் தோழியின் போனிலோ, வேலை செய்யும் இடத்திலோ படியுங்கள். உங்கள் போனிலேயே படித்தால், முடித்ததும் பிரவுசர் ஹிஸ்டரியில் இந்த ஒரு பக்கத்தை மட்டும் நீக்கிவிடுங்கள். மொத்த ஹிஸ்டரியையும் அழித்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

திண்டுக்கல்லில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ராத்திரி பத்து மணி, பிள்ளைகள் தூங்கியாச்சு. அடி வாங்கிய கன்னம் இன்னும் எரிகிறது. அந்தப் பெண் போனை எடுத்து 1, 8, 1 என்று அழுத்துகிறார். பச்சைப் பொத்தானைத் தொடுவதற்கு முன் மனசுக்குள் பத்துக் கேள்வி. "போன் பண்ணினா போலீஸ் வந்துருமா? அவரப் பிடிச்சு உள்ள வச்சிருவாங்களா? தெருவே வேடிக்கை பாக்குமே. நாளைக்குப் பிள்ளைங்க ஃபீஸ யார் கட்டுறது? நான் கேஸ் போடணும்னு நினைக்கலியே, இந்த அடி நிக்கணும், அவ்வளவுதானே..." மூன்று எண்களையும் அழித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்.

இந்தக் கட்டுரை அந்தப் பத்துக் கேள்விக்காகத்தான். முதல் கேள்விக்கான பதிலை இப்போதே சொல்லிவிடலாம். உங்கள் உயிருக்கு உடனடி ஆபத்து என்ற நிலை இல்லாவிட்டால், 181-க்குப் பேசுவது வழக்குப் போடுவது ஆகாது. பேசிய பிறகு என்ன செய்வது என்பதை முடிவு செய்யப்போவது நீங்கள்தான். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. 18 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருந்தால், அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

சொல்லாமல் இருப்பவர்கள்தான் அதிகம்

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அகில இந்திய அளவில் இது 29.3 சதவீதம். நம் தெருவில் பத்து வீடு இருந்தால் அதில் மூன்று, நான்கு வீடு.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. நாடு முழுக்க வன்முறையை அனுபவித்த பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் 14 சதவீதம்தான். அந்த 14 பேரிலும் பெரும்பாலோர் போனது அம்மா வீட்டுக்கு. அரசு உதவி எண்கள், அலுவலகங்கள் எல்லாம் வரிசையில் கடைசியில்தான்.

உதவி இருக்கிறது என்பது தெரியாததால் மட்டும் இப்படி நடக்கவில்லை. உதவி கேட்டால் வாழ்க்கையே உடைந்துவிடும் என்ற பயமும் ஒரு காரணம். அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு குழப்பம் இருக்கிறது. இரண்டு தனித்தனிச் சட்ட வழிகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இரண்டு வழிகள்

முதல் வழி, குற்றவியல் வழி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்று எல்லோருக்கும் தெரிந்த பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆவது பிரிவாக இருக்கிறது. கணவரோ அவருடைய உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர்., விசாரணை எல்லாம் இந்த வழியில் வருபவை.

இரண்டாவது வழி, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. இது 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. கணவரை ஜெயிலுக்கு அனுப்புவது இந்தச் சட்டத்தின் முதல் வேலை அல்ல. அடியை நிறுத்துவது, வீட்டை விட்டுத் துரத்தாமல் காப்பது, செலவுக்குப் பணம் வாங்கித் தருவது, குழந்தைகளை உங்களோடு வைத்திருப்பது ஆகியவைதான் இதன் வேலை. விவாகரத்து கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அதே வீட்டில் இருந்துகொண்டே இந்தப் பாதுகாப்பைக் கேட்கலாம்.

வேண்டுமானால் இரண்டு வழிகளிலும் போகலாம், ஒன்றில் மட்டும் போகலாம், இப்போதைக்கு எதிலும் போகாமல் ஆலோசனை மட்டும் கேட்டுக்கொண்டு வரலாம். "நான் கேஸ் போடணும்னு நினைக்கலியே" என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கும் இங்கே இடம் இருக்கிறது.

கை வைத்தால்தான் வன்முறையா?

இல்லை. இந்தச் சட்டம் நான்கு வகை வன்முறையைச் சொல்கிறது.

உடல் வன்முறை: அடிப்பது, தள்ளுவது, சூடு வைப்பது.

பாலியல் வன்முறை: விருப்பமில்லாமல் கட்டாயப்படுத்துவது, அவமானப்படுத்துவது.

சொல், மன ரீதியான வன்முறை: கேவலமாகத் திட்டுவது, குழந்தை இல்லை என்றும் ஆண் குழந்தை இல்லை என்றும் குத்திக்காட்டுவது, உங்கள் அம்மா அப்பாவை அடித்துவிடுவேன் என்று மிரட்டுவது.

பொருளாதார வன்முறை: நிறைய பேர் வன்முறை என்றே நினைக்காதது இதுதான். வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் ஷிப்ட் முடித்து வருகிறீர்கள், சம்பளம் ஏறியதும் ஏடிஎம் கார்டு வேறு ஒருவர் கையில். நிலக்கோட்டையில் விடியற்காலையில் எழுந்து பூப்பறித்த கூலியை வாங்குவது நீங்கள் அல்ல. உங்கள் கணக்கில் வரும் மகளிர் உரிமைத் தொகை எப்போது வந்தது, எப்போது போனது என்றே உங்களுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் போட்ட நகை உங்களைக் கேட்காமலே அடகுக் கடைக்குப் போய்விட்டது. வேலைக்குப் போகக் கூடாது என்று தடுக்கிறார்கள். வீட்டுச் செலவுக்குக் காசு தருவதில்லை. இவை எல்லாமே சட்டப்படி பொருளாதார வன்முறைக்குள் வருபவைதான்.

"குடிச்சா மட்டும்தான் அப்படி, மத்த நேரம் நல்லாத்தான் இருப்பாரு" என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் குடித்திருந்தார் என்பதற்காகச் சட்டம் எந்தத் தள்ளுபடியும் தருவதில்லை.

இன்னொரு விஷயம், இது மனைவிக்கு மட்டுமான சட்டம் இல்லை. ஒரே வீட்டில் வாழும், வாழ்ந்த அம்மா, அக்கா, தங்கை, கணவரை இழந்த மருமகள், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண் என எல்லோருக்கும் பொருந்தும். மகன் அடித்தால் தாய் புகார் கொடுக்கலாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, கொடுமை செய்தவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. மாமியார், நாத்தனார் மீதும் மனு கொடுக்க முடியும்.

போன் எடுத்ததும் என்ன நடக்கும்?

181 என்பது பெண்களுக்கான உதவி எண். 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 2018 டிசம்பரிலிருந்து செயல்படுகிறது. "சொல்லுங்கம்மா" என்று கேட்பவரிடம் நடந்ததை ஆரம்பத்திலிருந்து ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பதில்லை. அழுதுகொண்டே சொன்னாலும் புரியும். முதலில் "இப்ப பாதுகாப்பா இருக்கீங்களா? இப்ப பேச முடியுமா?" என்பதைத்தான் தெரிந்துகொள்ளப் பார்ப்பார்கள். ஆபத்து என்றால் காவல்துறை உதவி வரும். இல்லை என்றால் உங்கள் நிலைமைக்கு ஏற்ப ஆலோசனையும், உங்கள் மாவட்டத்தில் எங்கே போகலாம் என்ற தகவலும் கிடைக்கும்.

அப்படிச் சொல்லப்படும் இடங்களில் முக்கியமானது 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையம். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது. நம் மாநிலத்தில் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் கீழ் மாவட்டம்தோறும் நடக்கிறது, திண்டுக்கல்லிலும் உண்டு. இதன் நோக்கமே அலையவிடாமல் இருப்பதுதான். மருத்துவமனைக்கு ஒரு நாள், காவல் நிலையத்துக்கு ஒரு நாள், வக்கீலைப் பார்க்க ஒரு நாள் என்று அலைந்தால் யாருக்குத்தான் தெம்பு இருக்கும்? கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதனால் மனநல ஆலோசனை, சிகிச்சைக்கான ஏற்பாடு, காவல் உதவி, சட்ட உதவி, தங்கும் இடம் ஆகிய ஐந்துக்கும் ஒரே இடத்திலிருந்து வழி செய்து தருகிறார்கள்.

இங்கே உள்ள வழக்குப் பணியாளரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் பிரச்சினையைக் கேட்டுப் பதிவு செய்து, அடுத்தடுத்த இடங்களில் உங்கள் பக்கம் நின்று பேச உதவுபவர் அவர். புகாரை எழுதத் தெரியவில்லையா, அதிகாரி கேட்கும் கேள்வி புரியவில்லையா, அவரிடம் கேட்கலாம். பல பெண்களுக்குச் சட்டத்தைவிடப் பெரிய தைரியம் தருவது, "நானும் வரேன், வாங்க போவோம்" என்ற அந்த ஒரு வார்த்தைதான்.

அன்றிரவு வீட்டுக்குத் திரும்ப முடியாத நிலை என்றால் சகி மையத்தில் 5 நாள் வரை தங்கலாம். பிள்ளைகளையும் அழைத்து வரலாம். ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வயது வரம்பு உண்டு, அதைப் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் இடம் தேவைப்பட்டால் சக்தி சதன் போன்ற இல்லங்களுக்கு அனுப்புவார்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் தங்கிப் படிக்கத் தமிழக அரசின் சேவை இல்லங்கள் இருக்கின்றன.

"போயும் போயும் ஒரு ஹோம்ல போய் இருக்கணுமா" என்று கூச்சப்படுகிறவர்களுக்காக நம் ஊர்க் கதை ஒன்று. திண்டுக்கல் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்கு வேலுநாச்சியார் பெயர் வைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1772-இல் காளையார்கோவில் போரில் கணவரை இழந்த வேலுநாச்சியார், மகளோடு வந்து அடைக்கலம் புகுந்தது நம் திண்டுக்கல் சீமையில், விருப்பாச்சியில்தான். ஏறத்தாழ 8 ஆண்டுகள் அந்தப் பாதுகாப்பில் இருந்துவிட்டு, 1780-இல் படையோடு போய்ச் சிவகங்கையை மீட்டார். அவர் அடைக்கலம் கேட்டதை யாரும் பலவீனம் என்று சொன்னதில்லை.

பாதுகாப்பு அலுவலர் யார்?

2005 சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் உண்டு. திண்டுக்கல்லில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டால் அவரைச் சந்திக்கலாம். அவ்வளவு தூரம் வர முடியாதவர்கள், தங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உள்ள சமூகநல விரிவாக்க அலுவலரிடமோ ஊர்நல அலுவலரிடமோ முதலில் சொல்லலாம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வந்து மனுவாகக் கொடுப்பவர்களும் உண்டு.

பாதுகாப்பு அலுவலர் நீங்கள் சொல்வதைக் கேட்டுக் குடும்ப நிகழ்வு அறிக்கை என்ற படிவத்தை நிரப்புவார். எந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்த வகை வன்முறை, உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். நீதித்துறை நடுவரிடம் மனு கொடுக்க உதவுவது, இலவச வக்கீல் கிடைக்கச் செய்வது, காயம் இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்புவது, மீண்டும் தாக்குதல் நடக்காமல் இருக்க உங்களோடு சேர்ந்து பாதுகாப்புத் திட்டம் போடுவது ஆகியவையும் அவருடைய கடமை. கடமையைச் செய்யத் தவறினால் அவருக்கே தண்டனை உண்டு என்று சட்டம் சொல்கிறது.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம், 1987-இன்படி பெண்கள் எல்லோருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்றிதழ் கேட்கும் விஷயம் இதில் இல்லை. திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

நீதிமன்றம் என்ன தர முடியும்?

பாதுகாப்பு ஆணை: அடிக்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வந்து தொந்தரவு செய்யக் கூடாது, போனில் மிரட்டக் கூடாது என்று உத்தரவிடலாம். இதை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உத்தரவு வந்த பிறகும் கை நீட்டினால், அப்போது அது கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றம்.

வசிப்பிட ஆணை: உங்களை வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று சொல்லலாம். தேவைப்பட்டால் அவரை வெளியே இருக்கச் சொல்லலாம், அல்லது உங்களுக்கு வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்கச் சொல்லலாம். "வீடு எங்க அம்மா பேர்ல இருக்கு, கிளம்பு" என்பது அடிக்கடி கேட்கும் வசனம். நீங்கள் அங்கே நிலையாகக் குடும்பம் நடத்தியிருந்தால், வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அது பகிர்ந்து வாழ்ந்த வீடுதான் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் உங்களை வெளியே தள்ள முடியாது.

பண நிவாரணம்: மருத்துவச் செலவு, இழந்த வருமானம், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாதப் பராமரிப்புத் தொகை.

குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு: வழக்கு முடியும்வரை பிள்ளைகள் உங்களிடம் இருக்க ஆணை கேட்கலாம்.

இழப்பீடு: உடலுக்கும் மனதுக்கும் நேர்ந்த பாதிப்புக்காக.

மனு கொடுத்தால் முதல் விசாரணையைச் சாதாரணமாக 3 நாளுக்குள் வைக்க வேண்டும், 60 நாளுக்குள் முடிக்க முயற்சி செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உண்மையைச் சொல்வதென்றால், நடைமுறையில் பல வழக்குகள் அதைவிட அதிக நாள் இழுக்கின்றன. அதனால்தான் 'இடைக்கால ஆணை' என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு முடியக் காத்திருக்காமல், அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வராமலே கூட, நடுவர் இடைக்காலப் பாதுகாப்பு தரலாம். மனு எழுதும்போதே இதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லி வக்கீலிடம் சொல்லுங்கள்.

திருப்பூருக்கோ கரூருக்கோ கட்டிக்கொடுத்து, இப்போது திண்டுக்கல்லில் அம்மா வீட்டில் இருக்கிறீர்களா? அங்கே போய் மனு கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். "அடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சே, இப்ப போனா எடுப்பாங்களா?" என்ற சந்தேகமும் வேண்டாம். இந்த மனுவுக்கு ஓராண்டுக் கெடு பொருந்தாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

"போய் அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்பினால்?

அப்படியும் சில இடங்களில் நடக்கலாம். அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

காவல் வழியில் போக விரும்பினால் திண்டுக்கல், பழனி, நிலக்கோட்டை போன்ற ஊர்களில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. புகார் கொடுத்தால் அதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய புகாரை, 'இது எங்க எல்லை இல்ல' என்று சொல்லி மறுக்க முடியாது. எந்தக் காவல் நிலையத்திலும் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் இப்போதைய சட்டம். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலமாக அனுப்பலாம். மாநில மகளிர் ஆணையத்துக்கும் எழுதலாம். குடும்ப வன்முறைச் சட்டப்படியான மனுவுக்குக் காவல் நிலையம் போக வேண்டிய கட்டாயமே இல்லை. பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ, வக்கீல் மூலம் நேராக நடுவரிடமோ கொடுக்கலாம்.

சமாதானப் பேச்சு பற்றியும் ஒரு வார்த்தை. ஆலோசனை என்பது தவறில்லை, பல பெண்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் இந்தச் சட்டப்படி நடுவர் அனுப்பும் ஆலோசனைக்கு ஒரு விதி உண்டு. 'அவ அப்படிப் பேசினா, அதனால அடிச்சேன்' என்று அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்த்தரப்புக்கு அனுமதி இல்லை. இனிமேல் செய்ய மாட்டேன் என்ற உறுதியைத்தான் கேட்பார்கள். வேறு எங்கே பேச்சுவார்த்தை நடந்தாலும் இந்த அளவுகோலை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் உண்மையைச் சொல்லுங்கள்

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்." மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் வரி இது. சொல்லும்போது குடும்ப மானம் காப்பாற்றப்பட்டது போல இருக்கும். ஆனால் பிறகு வழக்கு என்று வந்தால் அந்த ஒரு வரி உங்களுக்கு எதிராக நிற்கும். யார், எதனால், எப்போது அடித்தார் என்று மருத்துவரிடம் சொன்னால் அது விபத்துப் பதிவேட்டில் பதிவாகும். பிறகு நீங்கள் எப்போது முடிவு எடுத்தாலும் அது பயன்படும். புகார் கொடுக்கவில்லை என்ற காரணத்துக்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது.

உங்கள் போன் உங்கள் பக்கம் இருக்கட்டும்

ஸ்மார்ட்போன் நமக்குத் துணையாகவும் இருக்கும், வேவு பார்க்கவும் பயன்படும். இவற்றை ஒருமுறை சரிபாருங்கள்.

வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்பதைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டரோ போனோ அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கூகுள் மேப்பில் உங்கள் இருப்பிடம் யாருடனாவது பகிரப்படுகிறதா என்று பாருங்கள். உடனே நிறுத்தினால் சண்டை வரும் என்று தோன்றினால் அப்படியே விட்டுவிடுங்கள். சகி மையத்துக்குப் போகும் அன்று போனை வீட்டிலோ தோழியிடமோ வைத்துவிட்டுப் போகலாம்.

181-க்குப் பேசினால் கால் லிஸ்டில் எண் இருக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் நீக்குங்கள்.

காயத்தின் படம், மிரட்டல் வாய்ஸ் மெசேஜ், அசிங்கமான மெசேஜ் எதையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வைத்துவிட்டு, பிறகு உங்கள் போனில் நீக்கலாம். தேதியும் நடந்ததும் இரண்டு வரியில் எங்காவது எழுதி வையுங்கள்.

ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, நகை ரசீது ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள். டிஜிலாக்கர் பயன்படுத்தினால் அதன் பின் எண்ணை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பிறந்த தேதியாக வைக்காதீர்கள்.

'காவல் உதவி' செயலியில் அவசரத்துக்கான சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடத்தோடு தகவல் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். செயலியை வைத்துக்கொள்வதே ஆபத்து என்றால் 112 என்ற எண் போதும்.

நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரா?

இதைப் படிக்கிறவர்களில் பலர் அடி வாங்குகிறவர்களாக இல்லாமல், சுவருக்கு இந்தப் பக்கம் அந்தச் சத்தத்தைக் கேட்கிறவர்களாக இருக்கலாம். அக்காவாக, மதினியாக, மில்லில் பக்கத்து மெஷினில் நிற்கும் தோழியாக, ஹவுஸ் ஓனராக, அங்கன்வாடிப் பணியாளராக.

வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது எந்த வழக்கும் போட முடியாது. சட்டத்தின் 4-ஆவது பிரிவே இதற்காகத்தான். அடி நடந்துகொண்டிருக்கும்போது என்றால் 112-ஐ அழையுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அவரிடம் தனியாகப் பேசுங்கள். "ஏன் இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்ட?", "நீ என்ன சொன்ன, அவர் அடிக்கிறதுக்கு?" என்றெல்லாம் கேட்க வேண்டாம். "நேத்து சத்தம் கேட்டுச்சு. உனக்கு எதுவும் வேணும்னா எந்நேரம்னாலும் கதவத் தட்டு. 181-க்குப் பேசணும்னா என் போன்ல பேசு. போகணும்னா நான் கூட வரேன்." இவ்வளவு சொன்னால் போதும். அன்றைக்கே அவர் சரி என்று சொல்லமாட்டார். மூன்று மாதம் கழித்தும் சொல்லலாம். அதுவரை அந்தக் கதவைச் சாத்தாமல் வைத்திருங்கள். உங்கள் அவசரத்துக்காக அவருக்குத் தெரியாமல் அவர் கணவரிடம் போய்ப் பேசிவிடாதீர்கள். அந்தப் பேச்சின் விளைவை ராத்திரி அனுபவிக்கப்போவது அவர்தான்.

மகள் அடி வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், "ரெண்டு நாள் இருந்துட்டுப் போ" என்று சொல்லும் பெற்றோருக்கும் இது பொருந்தும். அந்த இரண்டு நாளில் ஒரு நாளை எடுத்து, அவரோடு சகி மையம் வரை போய்வாருங்கள். வழக்குப் போடச் சொல்லி அல்ல, என்னென்ன வழி இருக்கிறது என்று கேட்டு வருவதற்காக.

குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்

பெண்கள் உதவி எண்: 181

அவசர உதவி: 112

ஆம்புலன்ஸ்: 108

இலவச சட்ட உதவி: 15100

குழந்தைகள் உதவி எண்: 1098

மனநல ஆலோசனை: 14416

இவற்றை '181 ஹெல்ப்லைன்' என்று பெயர் போட்டுச் சேமிக்க வேண்டாம். தையல் அக்கா, கேஸ் புக்கிங், ஸ்கூல் மிஸ் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கட்டும். இல்லையென்றால் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், 181 மூன்றே எண்தான். ராத்திரி பத்து மணிக்கு அந்த எண்களை அழுத்தினால், எதிர்முனையில் இருப்பவர் முதலில் கேட்பது நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்லுங்கள். மற்றதை நாளைக்குக் கூட முடிவு செய்யலாம்.